சூரிய தேவியும் 2602ஆம் ஆண்டும்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி ‘சியோனான்’ எனப் பெயர் மாறியது. அவ்வாண்டு அங்கு வெளிவந்த நாளிதழ்களில் 2602 என்ற ஆண்டு அச்சாயிற்று. இந்த எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானியரின் தெய்வக் கதைகளுக்குள் சென்றால்தான் நமக்கு விடை கிடைக்கும்.

அக்கதைகளைச் சொல்லும் பழைய நூல்கள் இரண்டு: கி.பி. 712இல் முடிந்த ‘கோஜிக்கி’, 720இல் முடிந்த ‘நிஹோன் ஷோக்கி’. இரண்டும் அரசவைக்காகத் தொகுக்கப்பெற்றவை என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

மேலே தேவருலகமாகிய தகமகஹாரா. நடுவே நாணல் செழித்த மண்ணுலகம். கீழே இருள் சூழ்ந்த யோமி. இசானகி, இசானமி என்னும் தெய்வத் தம்பதியர் வானில் நின்று ஈட்டியால் கடலைக் கலக்கினர். ஈட்டி முனையில் சொட்டிய உப்புநீர் உறைந்து தீவாயிற்று. நமக்குப் பாற்கடல் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே அமுதமும் இல்லை, அசுரரும் இல்லை. நெருப்புத் தெய்வத்தை ஈன்றபோது தீப்பட்டு இசானமி மாண்டாள். அவளைத் தேடி யோமிக்குச் சென்ற கணவன், புழு நெளியும் உடலைக் கண்டு அஞ்சி ஓடிவந்து, பாறையால் வழியை அடைத்தான். தீட்டுப் போக நீராடினான். இடக்கண்ணைக் கழுவுகையில் சூரிய தேவி அமத்தெராசு பிறந்தாள். வலக்கண்ணில் சந்திரன் சுக்குயோமி. மூக்கில் முரட்டுச் சுசானோவோ.

தம்பி சுசானோவோவின் அட்டூழியம் தாளாமல் அமத்தெராசு குகைக்குள் ஒளிந்துகொள்ள, உலகம் இருண்டது. உசுமே என்ற தேவமங்கை கவிழ்த்த தொட்டியின்மேல் ஏறிக் கூத்தாடினாள். தேவர்கள் வாய்விட்டுச் சிரித்தனர். ‘நான் இல்லாதபோது என்ன சிரிப்பு?’ என்று சூரிய தேவி எட்டிப் பார்த்தாள்; வெளியே இழுத்துவிட்டார்கள். வேண்டுதலால் அன்றிச் சிரிப்பால் விடிந்தது உலகம். நமக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

பின்னர் அவள் தன் பேரன் நினிகியிடம் கண்ணாடி, வாள், மணி மூன்றையும் கொடுத்து மண்ணுலகை ஆள அனுப்பினாள். அவன் வழிவந்த ஜிம்முவே முதற் பேரரசர் என்றும், அவர் கி.மு. 660இல் அரியணை ஏறினார் என்றும் கணக்கிட்டனர். 1942உடன் 660ஐக் கூட்டினால் 2602! ஜிம்மு வாழ்ந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் மெய்ஜி அரசு இதை நாட்டின் ஆண்டுக் கணக்காக்கியது. பள்ளிகளில் கதையே வரலாறாகப் போதிக்கப்பட்டது.

சிங்கப்பூரின் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தருகே போர்க்கைதிகளின் உழைப்பைக் கொண்டு அமத்தெராசுவுக்கு ஒரு கோயிலும் எழுந்தது. 1945இல் சரணடைந்தபோது ஜப்பானியரே அதை அழித்தனர். 1946 ஜனவரி முதல் நாளன்று பேரரசர் ஹிரோஹிட்டோ, தம்மை மனித உருவில் வந்த தெய்வமாகக் கொள்ளும் கருத்து பொய்யானது என அறிவித்தார். அமத்தெராசுவின் மரபினர் என்பதை மட்டும் அவர் மறுக்கவில்லை. ஜப்பானின் ஈசே நகரில் அவளுக்குரிய கோயில் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. 2013இல் நடந்தது 62ஆவது முறை.