அரசின்மைவாதி முதல் முகநூல் வரை: அமெரிக்க நுழைவு வினாக்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விசா கோருவோர் நிரப்பும் டிஎஸ்-160 என்னும் இணையப் படிவத்தில், கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பயனர் பெயர்களைத் தெரிவிக்கும் பகுதி 2019 மே இறுதியில் கட்டாயமாயிற்று. இது இணையக் காலத்தின் புதுமையாகத் தோன்றினாலும், உள்ளே வர விரும்பும் அயலாரின் கருத்துகளை வாயிலிலேயே சோதிக்கும் வழக்கம் அந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அவ்வழக்கத்தின் முக்கியத் திருப்பங்களில், குருதி சிந்திய ஒரு நிகழ்வை அடுத்துப் புதிய வினா பிறந்ததையும், அவ்வினா முன்னரே இருந்திருந்தாலும் அந்நிகழ்வைத் தடுத்திருக்க இயலாது என்பதையும் காணலாம்.

1893 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கப்பல் நிறுவனங்கள் தம் பயணியரிடம் கேட்டுப் பதிந்த பட்டியலில், சிறையில் இருந்ததுண்டா, பலதார மணம் புரிந்தவரா என்பன போன்ற வினாக்கள் இருந்தன. அவை ஒருவரின் நிலையையும் நடத்தையையும் பற்றியவை. கருத்தைப் பற்றிய வினா 1901 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் வில்லியம் மக்கின்லி சுடப்பட்டு இறந்ததன் விளைவாக வந்தது. சுட்ட லியோன் சோல்காஷ் தன்னை அரசின்மைவாதி, அதாவது அரசு என்னும் அமைப்பே கூடாது என்னும் கொள்கையினன், என்று கூறிக்கொண்டான்; அவன் மிச்சிகனில் பிறந்த அமெரிக்கன். ஆயினும் 1903 இல் இயற்றப்பட்ட சட்டம் அயல்நாட்டு அரசின்மைவாதிகளுக்கே கதவை அடைத்தது. அச்சட்டத்தில் முதலில் சிக்கியவர்களுள் ஒருவரான ஜான் டர்னர் என்னும் ஆங்கிலத் தொழிற்சங்கவாதி, நியூயார்க்கில் சொற்பொழிவாற்றியதற்காகக் கைதாகி எல்லிஸ் தீவில் அடைக்கப்பட்டபோது, அவருக்காக வாதாடியவர்களுள் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டேரோவும் இருந்தார். எனினும் 1904 இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இந்திய விடுதலை வரலாற்றுக்கும் இச்சட்டத்தோடு ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து அமெரிக்காவாழ் இந்தியர் தொடங்கிய கதர் (Ghadar) இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான லாலா ஹர்தயாள், 1914 மார்ச்சில் அரசின்மைவாதி என்ற குற்றச்சாட்டின் பேரில் குடியேற்ற அதிகாரிகளால் சான் பிரான்சிஸ்கோவில் கைது செய்யப்பட்டு, பிணையில் வெளிவந்து சுவிட்சர்லாந்துக்குச் சென்றுவிட்டார். அவர் மேடைகளில் பேசியவற்றை ஆங்கிலேய அரசின் உளவாளிகள் முன்னரே கவனித்துக் குறிப்பெடுத்து வந்திருந்தனர். ஒருவர் பேசியதைத் திரட்ட அன்று ஆள்வைத்துப் பின்தொடர வேண்டியிருந்தது. இன்றைய படிவம் அவ்வேலையை விண்ணப்பதாரரிடமே ஒப்படைத்துவிட்டது.

முதல் உலகப் போரின்போது, 1917 இல், பயணம் புறப்படும் முன்பே தூதரக அதிகாரியிடம் விசா பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. இதனால் சோதனை துறைமுகத்திலிருந்து அயல்நாட்டு அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கு மறுக்கப்பட்டவருக்கு நீதிமன்ற வழி ஏறத்தாழ அடைபட்டதே இம்மாற்றத்தின் பெரிய விளைவாகும். 1952 ஆம் ஆண்டின் மக்காரன்-வால்டர் சட்டம் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரைப் பொதுவாக விலக்கியபோது, மாணவப் பருவத்தில் நான்கு வாரங்களே அக்கட்சியில் இருந்த நாவலாசிரியர் கிரகாம் கிரீன்கூட விசாவுக்கு இடர்ப்பட நேர்ந்தது. பெல்ஜிய மார்க்சியப் பொருளியலாளர் எர்னஸ்ட் மாண்டலுக்கு விசா மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 1972 இல் ஏற்றுக்கொண்டது. பனிப்போர் தணிந்த பின், 1990 இல், கருத்து காரணமான தடைகளுட் பல நீக்கப்பட்டன.

சமூக ஊடகம் இவ்வரலாற்றுக்குள் வந்தது 2015 டிசம்பரில். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரு தம்பதியர் 14 பேரைச் சுட்டுக் கொன்றனர்; மனைவி, அமெரிக்கக் குடிமக்களை மணக்க வருவோருக்கான கே-1 விசாவில் வந்தவர். அவர் தம் தீவிரக் கருத்துகளை முன்பே வெளிப்படையாக இணையத்தில் எழுதியிருந்தார் என்றும், அதிகாரிகள் பார்க்கத் தவறினர் என்றும் செய்தி பரவியது. சில நாட்களிலேயே எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி, அவை பொதுப் பதிவுகள் அல்ல, தனிப்பட்ட செய்திகளே என்று விளக்கினார். விளக்கத்தைவிடச் செய்தியே வலுவாக நின்றது. விசா இன்றிக் குறுகிய காலம் வர அனுமதி பெற்ற நாட்டினர் நிரப்பும் படிவத்தில், 2016 டிசம்பரில், விருப்பமிருந்தால் விடையளிக்கலாம் என்ற அளவில் சமூக ஊடகக் கணக்குகள் பற்றிய கேள்வி சேர்ந்தது. 2017 இல், கூடுதல் ஆய்வுக்குரியவராக அதிகாரிகள் கருதுவோருக்கு மட்டும் டிஎஸ்-5535 என்னும் துணைப்படிவம் வழங்கப்பட்டது. அது 15 ஆண்டுப் பயண விவரத்தோடு ஐந்தாண்டுக் கணக்குப் பெயர்களையும் கேட்டது. 2019 இல் இவ்விதி, தூதர் நிலையிலுள்ளோர் போன்ற சிலர் நீங்கலாக, ஏறத்தாழ எல்லா விண்ணப்பதாரருக்கும் விரிந்தது. ஆண்டுக்கு சுமார் 1.47 கோடிப் பேர் இதற்குள் வருவர் என்று வெளியுறவுத் துறையே மதிப்பிட்டது.

படிவத்தில் இருந்த தளங்களின் பட்டியல் அலுவலகங்களின் வேகத்தை நன்கு காட்டுகிறது. முகநூல், ட்விட்டர், இன்ஸ்டாகிராம், சீனத்து வெய்போ, ரஷ்யாவின் விகே ஆகியவற்றோடு, அதற்குள் மூடப்பட்டுவிட்ட வைன், கூகுள் பிளஸ் ஆகியனவும் அதில் இருந்தன. கேட்கப்பட்டது கணக்கின் பெயரே; கடவுச்சொல் கேட்கப்படவில்லை. இந்த வினாவின் பயன் அரசுக்குள்ளேயே ஐயத்துக்குள்ளானது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்திய முன்னோட்டத் திட்டங்களில் வெற்றியை அளக்கும் அளவுகோல்களே இல்லை என்று அத்துறையின் தலைமை ஆய்வாளர் 2017 இல் அறிக்கையிட்டார். இவ்விதியை எதிர்த்து ஆவணப்பட அமைப்புகள் இரண்டு தொடுத்த வழக்கை 2023 இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பழைய வினாக்களுக்கும் இதற்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அரசின்மைவாதியா என்று கேட்டபோது, பொய் சொல்பவரும் மெய் சொல்பவரும் ஒருங்கே இல்லை என்றனர். அவ்விடையின் பயன், பின்னர் பொய் வெளிப்பட்டால் நாடு கடத்துவதற்கு ஒரு பிடி கிடைப்பதே. கணக்கின் பெயரைக் கேட்கும்போதோ, அப்பிடியும் கிடைக்கிறது, ஆண்டுக்கணக்கான எழுத்தும் கிடைக்கிறது. அவ்வெழுத்தோடு நண்பர்களின் எழுத்தும் சேர்ந்தே வருகிறது. 2019 ஆகஸ்டில், ஹார்வர்டில் சேர வந்த லெபனான்வாழ் பாலஸ்தீன மாணவர் ஒருவர், தம் நண்பர்களின் பதிவுகள் பற்றி விமான நிலையத்தில் வினவப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதாகக் கூறினார். சில நாட்களுக்குப் பின் அவர் அனுமதிக்கப்பட்டார்.

2025 ஜூனில் மாணவர், பரிமாற்றத் திட்டத்தினர் ஆகியோர் தம் கணக்குகளை எவரும் காணும்படி பொது நிலைக்கு மாற்ற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி பணி விசாவினருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் அது விரிந்தது. எச்-1பி விண்ணப்பங்கள் மிகுதியாகக் குவியும் சென்னைத் துணைத் தூதரகம் உட்பட இந்திய அலுவலகங்களில் பலரின் நேர்காணல் நாட்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. பதிவுகள் பற்றிய அதிகாரியின் மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. ஆனால் வேண்டுமென்றே மறைத்தல் அவ்வாறன்று. 1952 ஆம் ஆண்டுச் சட்டப்படி, முக்கியமான உண்மையை மறைத்து விசா கோரியவருக்கு, விலக்கு கிடைத்தாலன்றி, வாழ்நாள் முழுதும் நுழைவு மறுக்கப்படும். ஆகவே விண்ணப்பிப்போர், நெடுநாள் திறக்காத கணக்கானாலும், ஐந்தாண்டுக்குள் பயன்படுத்தியதாயின் அதையும் எழுதிவிடுவதே தக்கது.