வேல்ஸ் நாட்டின் சுயாட்சி: மூழ்கிய கிராமம் புகட்டும் பாடம்

1957 ஆம் ஆண்டிலே, வட வேல்சின் திரெவெரின் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் அமைக்கும் அதிகாரத்தை ஆங்கில நகரமாகிய லிவர்ப்பூலின் நகரசபைக்கு இலண்டன் பாராளுமன்றம் வழங்கியது. வேல்சின் 36 பிரதிநிதிகளுள் ஒருவரேனும் அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. எனினும் சட்டம் நிறைவேறிற்று. 1965 இல் கப்பெல் கெலின் என்னும் வெல்ஷ் மொழிக் கிராமம் வீடுகளோடும் பாடசாலையோடும் தேவாலயத்தோடும் நீரில் மூழ்கியது. எண்ணிக்கையிற் சிறுத்த இனத்துக்குப் பொதுப் பாராளுமன்றத்திலே வாக்கு உண்டு, வலு இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்நிலை ஒரு நாளில் உண்டானதன்று. 1536 ஆம் ஆண்டுச் சட்டமே வேல்சை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என விதித்தது.

அவ்வாறாயின், 1979 மார்ச் 1 ஆம் திகதி, தமக்கென ஒரு மன்றம் வேண்டுமா என்று வினவப்பட்டபோது, வாக்களித்தோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வேண்டாம் என்றது ஏன்? அவர்களை அடிமைப் புத்தியினர் எனக் கூறி அமைதல் எளிது, அது தவறு. பிரித்தானியத் தொழிலாளரின் ஒற்றுமை குலையுமென்று தென் வேல்சின் சுரங்கப் பகுதிகளில் அச்சம் நிலவியது. வெல்ஷ் மொழி அறியாதோர் அம்மொழியாளரின் ஆதிக்கத்துக்கு அஞ்சினர். வடபகுதியினர் கார்டிப் நகரின் ஆதிக்கத்துக்கு அஞ்சினர்.

அனுபவமே இவ்வச்சங்களைத் தளர்த்தியது. 1984-85 இல் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டு காலம் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1979 முதல் 1997 வரை ஆண்ட கட்சி வேல்சிற் பெரும்பான்மை பெற்றதே இல்லை. தாம் தெரிவு செய்யாத ஆட்சி தம் பிழைப்பைப் பறிப்பதைக் கண்ட மக்கள், 1997 செப்ரெம்பரில் 50.3 சதவீத வாக்குகளால் சுயாட்சி மன்றத்தை ஏற்றனர். வேறுபாடு 6,721 வாக்குகள் மட்டுமே! மன்றம் 1999 இற் கூடியது; 2011 இல் அதற்கு முழுமையான சட்டமியற்றும் அதிகாரம் வழங்க 63.5 சதவீதத்தினர் இசைந்தனர். 2020 முதல் அது செனெத் எனப்படுகின்றது.

இனி என்ன? 2024 ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தின் உறுப்பினர் தொகையை 60 இலிருந்து 96 ஆக உயர்த்த வழிசெய்தது. ஆயின், பொலிசையும் குற்றவியல் நீதியையும் இலண்டன் தன்வசமே வைத்துக்கொண்டது. ஸ்கொத்லாந்துக்கு 2017 இற் கையளிக்கப்பட்ட முடியரசு நிலங்களின் நிருவாகமும் அன்று வேல்சுக்குக் கிடைக்கவில்லை. ஆசனங்கள் பெருகுவதால் மட்டும் சுயாட்சி நிறைவெய்தாது. தம் நிலமும் நீரும் உழைப்பும் எதற்குப் பயன்படவேண்டும் என்பதை அங்கு வாழும் மக்களே தீர்மானிக்கும் நிலை வருதல் வேண்டும். கப்பெல் கெலின் மக்களுக்கு மறுக்கப்பட்டது அவ்வுரிமையே என்பதை நாம் மறத்தலாகாது.