லூயிஸ் தே லெயோன்

லூயிஸ் தே லெயோன் (1527–1591) ஸ்பெயினின் பெல்மோந்தே ஊரில் பிறந்த கவிஞர். அகஸ்தீன் சபைத் துறவி. சாலமன்கா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரைக் கவிஞராகப் போற்றிவிட்டு மொழிபெயர்ப்பைக் கிளைப்பணியாக ஒதுக்குவது வழக்கம். தம் கவிதைகளை அவரே வகுத்துவைத்த முறை அதற்கு இடம் தரவில்லை. மூன்று பகுதிகளில் முதலாவது மட்டுமே சொந்தப் பாட்டு. இரண்டாவதில் பழைய இலத்தீன் கவிஞர்கள் ஹோரஸ், வர்ஜில் போன்றோரின் மொழிபெயர்ப்பு. மூன்றாவதில் எபிரேயச் சங்கீதங்களின் மொழிபெயர்ப்பு.

அவரது புகழ் சொந்தப் பாட்டால் வந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒதுங்கி வாழும் வாழ்வைப் பற்றிய அவரது பெயர்பெற்ற பாட்டின் வேர், அவரே மொழிபெயர்த்த ஹோரஸ் பாட்டொன்றில் இருக்கிறது. ஹோரஸிடம் கிராம வாழ்வை வாயாரப் புகழ்பவன் ஒரு வட்டிக்கடைக்காரன் என்பது கடைசியில்தான் தெரியவரும். புகழ்ந்து முடித்ததும் மறுபடி வட்டிக்கு விடப் போய்விடுவான். அந்தக் கேலியை வரிவரியாக அறிந்தவர், சொந்தப் பாட்டில் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார். ஏழும் பதினொன்றுமாக அசைகள் மாறிவரும் ஐந்தடிச் செய்யுளில், ஏளனம் கழிந்த ஏக்கம் மட்டும் நிற்கிறது. மூலத்தை அவ்வளவு நெருங்கிப் படித்தவரால்தான் இப்படி விலகவும் முடியும்.

இலத்தீன் தெரியாத ஒரு கன்னியாஸ்திரீக்காக அவர் வேதாகமத்தின் உன்னதப்பாட்டை எபிரேயத்திலிருந்து ஸ்பானிய உரைநடையில் விளக்கத்தோடு எழுதிக் கொடுத்தார். தாய்மொழியில் வேதாகமம் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. பிரதி கைக்குக் கை பரவியது. காதலியின் கண்களைப் பாடும் இடத்தில் வரும் எபிரேயச் சொல் ஒன்றை, இலத்தீன் வேதாகமத்தில் புனித ஜெரோம் உள்ளே மறைந்திருக்கும் ஏதோ ஒன்றாக மழுப்பியிருந்தார். லெயோன் அது கூந்தல்தான் என்றார். (இன்று பலர் முகத்திரை என்கிறார்கள், அவர் சொன்னதும் முடிவல்ல.) 1572 மார்ச்சில் சமய விசாரணை மன்றம் அவரைச் சிறைப்பிடித்தது. வயாதோலித் சிறையில் 1576 டிசம்பர் வரை இருந்தார்.

துறவு சபைகளின் போட்டியும் அவரது யூத வம்சாவளியும்தான் கைதின் உண்மைக் காரணங்கள், மொழிபெயர்ப்பு வெறும் சாக்கு என்பார் உண்டு. பகை அங்கிருந்து வந்திருக்கலாம். வழக்கு நடந்ததோ எபிரேய மூலத்தின் மதிப்பைப் பற்றியும் இந்த மொழிபெயர்ப்பைப் பற்றியும்தான். விடுதலை செய்தபோதும் மன்றம் அவரைக் கண்டித்து, உன்னதப்பாட்டுப் பிரதிகளைத் திரும்பப் பெறச் சொன்னது. சாக்கை இவ்வளவு கருத்தாகப் பறிமுதல் செய்வார்களா?

சிறை அவரை மாற்றவில்லை. யோபுவின் நூலையும் எபிரேயத்திலிருந்து பெயர்த்து, உரையெழுதி 1591இல் முடித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 23இல் இறந்தார். அவரது கவிதைகளை 1631இல் கவிஞர் கெவேதோ பதிப்பித்தார். யோபு 1779 வரையும் உன்னதப்பாட்டு 1798 வரையும் அச்சேறவில்லை.