பெயிண்ட்டுக்கு அடியில் பெங்களூர்

நம் கல்லூரி க்விஸ் கிளப்பில் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. அமெரிக்கா மிக அதிக எண்ணிக்கையில் தயாரித்த ராணுவ விமானம் எது? முக்கால்வாசிப் பேர் பி-17 என்று சொல்லிப் பாயிண்ட்டைப் பறிகொடுப்பார்கள். சரியான விடை பி-24 லிபரேட்டர். நான்கு எஞ்சின், 110 அடி இறக்கை, மொத்தம் 18,000-க்கும் மேல். மிச்சிகனில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்ட் கம்பெனி இதற்கென்றே ஒரு தொழிற்சாலை நடத்தியது. 1944-ல் உச்சத்தில் மணிக்கு ஒரு விமானம் என்ற கணக்கில் வெளியே வந்தது. நாம் லேத்தில் ஒரு ஜாப் முடிப்பதற்குள் ஒரு பாம்பர்!

இத்தனை ஆயிரத்தில் இன்று முழு உருவத்தோடு மிஞ்சியிருப்பவை ஒன்றரை டஜனுக்குள்தான். அவற்றில் ஆறு, இந்திய விமானப்படையில் உழைத்து ஓய்வு பெற்றவை. அந்த ஆறையும் குப்பையிலிருந்து எழுப்பியவர்கள் பெங்களூர் எச்.ஏ.எல். ஆட்கள். இது எந்த க்விஸ்ஸிலும் வருவதில்லை, அதனால்தான் இந்தக் கட்டுரை. ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத மலரில் வேறு நண்பர்கள் இருக்கிறார்கள்.

போர்க்காலத்தில் ஜப்பானியரை எதிர்க்க ராயல் விமானப்படை லிபரேட்டர்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வங்காளத்தில் சல்போனி, டிக்ரி, ஜெஸ்ஸோர். பெங்களூருக்குப் பக்கத்தில் கோலார். 1944-ல் நம்ம பரங்கிமலையிலேயே 200-ஆம் ஸ்க்வாட்ரன். இவையெல்லாம் லெண்ட்-லீஸ் ஒப்பந்தப்படி அமெரிக்கா கொடுத்த இரவல். போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். திருப்பி வாங்கி அமெரிக்கா என்ன செய்யும்? அங்கேயே ஆயிரக்கணக்கில் உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கான்பூர் விமானதளத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்தினார்கள். மீட்டர்களை நொறுக்கினார்கள், உடம்பில் ஓட்டை போட்டார்கள், எஞ்சினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள் என்று பலவிதமாகச் சொல்வார்கள். மிச்ச வேலையை வெயிலும் மழையும் பார்த்துக்கொண்டன.

சுதந்திரம் வந்தபோது நம் விமானப்படையிடம் கனரக பாம்பர் ஒன்றுகூட இல்லை. வாங்கக் காசும் இல்லை. 1948-ல் எச்.ஏ.எல். குழு கான்பூருக்குப் போனது. துணிச்சல் மட்டும் இருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. 1940-ல் வால்சந்த் ஹிராசந்தும் மைசூர் சமஸ்தானமும் சேர்ந்து ஆரம்பித்த அந்தத் தொழிற்சாலையை 1943-ல் அமெரிக்க விமானப்படை தன் 84-ஆம் ஏர் டெப்போவாக எடுத்துக்கொண்டது. போர் முடியும்வரை பெங்களூர் ஃபிட்டர்கள் அமெரிக்க விமானங்களைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டார்கள். லிபரேட்டரும் அதில் அடக்கம். ஆக, கான்பூரில் கிடந்தது அவர்களுக்கு அந்நிய மெஷின் அல்ல.

அவர்கள் எடுத்த முடிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கான்பூரிலேயே முழு ஓவர்ஹால் செய்யப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை, பெங்களூர் வரைக்கும் பறந்தால் போதும். அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு ரிப்பேர். ஒன்றிலிருந்து எஞ்சின், இன்னொன்றிலிருந்து சக்கரம், கிழிந்த இடத்தில் தகடு வைத்து ரிவெட். எச்.ஏ.எல். டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி இப்படி ஒட்டுப்போட்ட விமானங்களை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். கான்பூரிலிருந்து பெங்களூர் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் சொச்சம். ஒன்றிரண்டு முறை அல்ல, நாற்பத்திரண்டு விமானங்கள். படிக்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்கியது. முழு ஓவர்ஹால் பெங்களூரில் நடந்தது. 1948 நவம்பரில் 5-ஆம் ஸ்க்வாட்ரன் லிபரேட்டர்களுடன் உருவானது. பிறகு 6-ஆம் ஸ்க்வாட்ரன் கடல் கண்காணிப்புக்கு இவற்றை வைத்துக்கொண்டது. 1968 கடைசிவரை ஓடின. உலகத்தில் லிபரேட்டரைக் கடைசியாக ஓட்டிய விமானப்படை நம்முடையதுதான்.

அதற்குள் வெளிநாட்டு மியூசியங்கள் விழித்துக்கொண்டன. அவர்கள் ஊரில் உருக்கியாகிவிட்டது, பறக்கும் நிலையில் இருப்பது இந்தியாவில். 1968-ல் கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து ஒரு லிபரேட்டரைப் பெற்றுக்கொண்டது. பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் மாதிரி, ஆனால் இரண்டுமே பழசு! 1969-ல் ஒன்று அரிசோனாவின் பீமா மியூசியத்துக்குப் பறந்தது. 1974-ல் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை மியூசியத்துக்குப் போனது. 1981-ல் ஒன்றைப் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் டக் ஆர்னல்ட் வாங்கிச் சரக்கு விமானத்தில் ஏற்றிப் போனார். அது 1984-ல் அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கைமாறி, 1989-ல் மீண்டும் பறந்தது. இன்னொன்று ஃப்ளோரிடாவில் கெர்மிட் வீக்ஸ் சேகரிப்பில். ஆறாவது டெல்லி பாலம் மியூசியத்தில்.

இப்போது அடையாளப் பிரச்சினைக்கு வருவோம். எஞ்சினியர்களுக்குச் சுவாரஸ்யமான பகுதி இதுதான். ஒரு லிபரேட்டருக்கு மூன்று பெயர்கள். காலிங்ஸ் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எண் 44-44052. முதல் இரண்டு இலக்கம் ஆர்டர் கொடுத்த நிதியாண்டு. ரகப்பெயரின் கடைசியில் வரும் இரண்டு எழுத்து தொழிற்சாலையைச் சொல்லும்: சி.ஓ. என்றால் சான் டியாகோ, சி.எஃப். ஃபோர்ட் வொர்த், எஃப்.ஓ. ஃபோர்டின் வில்லோ ரன், டி.டி. டல்ஸா, என்.டி. டல்லஸ். இது சி.எஃப். வகை. ராயல் விமானப்படைக்கு வந்ததும் இது கே.எச். 191 ஆனது. இந்தியாவில் எச்.இ. என்று தொடங்கும் மூன்றாவது எண் ஒன்று. ஜாதகம், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் மூன்றிலும் வேறு வேறு பெயர் இருந்தால் எப்படி இருக்கும்!

மேலே எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது, பெயிண்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் முதலில் தேடுவது காக்பிட்டில் இருக்கும் டேட்டா பிளேட். அதையும் திருகாணி கழற்றி வேறொன்றில் மாட்டிவிடலாம் என்பதால், உள்பாகங்களில் அடித்திருக்கும் பார்ட் நம்பர், இன்ஸ்பெக்டர் முத்திரை, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும் சின்னச் சின்ன அமைப்பு வித்தியாசங்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயிண்ட்டையும் சும்மா சுரண்டுவதில்லை. ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்தால் மர வளையம் மாதிரி ஒவ்வொரு காலத்துப் பூச்சும் தெரியும். அப்படித் தேய்த்தால், மேலே இருக்கும் அலங்காரத்துக்குக் கீழே இந்திய விமானப்படையின் காலம் ஒரு வளையமாக வரவேண்டும்.

ஆனால் கான்பூரில் பல விமானங்களின் பாகங்கள் கலந்துவிட்டன அல்லவா? வால் ஒன்றினுடையது, இறக்கை வேறொன்றினுடையது. அப்போது இது எந்த விமானம்? வழக்கத்தில் நடு உடல் யாருடையதோ அந்த எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். வேறு வழியும் இல்லை. என் கட்சி என்னவென்றால், கலந்துபோனதே இவற்றின் சரித்திரம். அதைக் குறையாக நினைத்து மறைக்க வேண்டியதில்லை.

மியூசியங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டன. ராயல் விமானப்படை மியூசியம் தன் விமானத்துக்கு அதன் சொந்த போர்க்கால எண்ணான கே.என். 751-ஐயே வைத்தது. 1945-ல் கோகோஸ் தீவுகளில் 99-ஆம் ஸ்க்வாட்ரனில் இருந்த விமானம் அது. காலிங்ஸ் விமானம் 1989-லிருந்து ‘ஆல் அமெரிக்கன்’, 1998-லிருந்து ‘டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்’, 2005-லிருந்து ‘விட்ச்கிராஃப்ட்’. மூன்றும் வேறு வேறு விமானங்களின் வேஷங்கள். அந்தக் காரியத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஸ்க்வாட்ரன்களில் செத்துப்போனவர்களின் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்க ஒரு விமானம் வேண்டாமா? ஆனால் பக்கத்தில் வைக்கும் போர்டில் பெங்களூருக்கு நாலு வரி இடம் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் மாதக்கணக்கில் பறந்திருந்தால் இந்தியாவில் வருஷக்கணக்கில் பறந்திருக்கிறது.

வேறு வழியும் இருக்கிறது. 1973-ல் நார்வேயின் ஹோக்லிங்கன் ஏரியிலிருந்து ஒரு ஹாலிஃபாக்ஸ் பாம்பரை எடுத்தார்கள். அதே ராயல் விமானப்படை மியூசியம் அதைப் பளபளவென்று ஆக்காமல் நொறுங்கிய நிலையிலேயே காட்சிக்கு வைத்தது. வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியனில் ‘ஃப்ளாக்-பெய்ட்’ என்ற பி-26, குண்டுச் சிதறல் பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டைகளின் ஒட்டுகளோடு, பழைய பெயிண்ட்டோடு காப்பாற்றப்படுகிறது. ஒட்டுத் தகட்டைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தகடு போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். யார், எந்த ரிவெட்டால், எப்படி அடைத்தார் என்கிற சாட்சி போய்விடும்.

நம் கல்லூரி ஏரோ ஹேங்கரில் நிற்கும் பழைய ஜெட்டுக்கும் இந்த ரீயூனியனை முன்னிட்டுப் புதுப் பெயிண்ட் அடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாக அடியுங்கள். அதற்கு முன்னால் ஃபைனல் இயர் பசங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் லைட்டும் கேமராவும் எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும். சக்கரக் கூடு, காக்பிட் பக்கச் சுவர், பேனல் கதவுகளின் உட்புறம் எல்லாவற்றிலும் இருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வால் பக்கத்தில் உள்ளங்கை அளவு பழைய பூச்சை அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். கம்பி பிரஷ்ஷை மட்டும் அருகே விடாதீர்கள். விமானத் தகட்டின் மேலே சுத்த அலுமினியம் ஒரு மெல்லிய தோலாக இருக்கும், துருவிலிருந்து காப்பது அதுதான். தேய்த்து அது போய்விட்டால் உள்ளே இருக்கும் செம்பு கலந்த உலோகம் அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உரிய ஆரம்பிக்கும்.

பாலத்தில் எச்.இ. 924-ஐ நான் பார்த்தபோது அது திறந்தவெளியில் நின்றது. உலகில் வேறெங்கும் மிஞ்சாத ஒரு வபிட்டி விமானமும் அதே மியூசியத்தில் இருக்கிறது. லிபரேட்டரின் இறக்கை அகலத்துக்குக் கூரை போடுவது செலவு பிடிக்கும் வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டமும் உதவிக்கு வராது. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது ஆனால்தான் பழம்பொருள். லிபரேட்டருக்கு 2044 வரை பொறுக்க வேண்டும். அந்தத் தகடு அவ்வளவு நாள் பொறுக்குமா என்பது வேறு கேள்வி.

விமானங்களாவது ஆறு இடத்தில் நிற்கின்றன. கான்பூருக்குப் போன ஃபிட்டர்கள், ரிவெட் அடித்தவர்கள் பெயர்களை எந்த மியூசியப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. நம் சங்கத்தில் பெங்களூர்க்காரர்கள் நிறையப் பேர். உங்கள் அப்பாவோ தாத்தாவோ மாமாவோ அந்தக் காலத்து எச்.ஏ.எல்.லில் இருந்திருந்தால், டிரங்குப் பெட்டியில் ஒரு குரூப் ஃபோட்டோ, ஓர் ஐ.டி. கார்டு, ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடைக்கலாம். ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும். ஸ்கேன் எடுத்து, பின்பக்கம் யார் யார் நிற்கிறார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி, சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.