தோளை விட்டு இறங்கிய பிடில்

கச்சேரிக்குப் போகிறவர்களில் பாடகர் வாய் திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருகிறவர்கள் உண்டு. மூன்றாவது உருப்படிக்கு வந்து, தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களும் உண்டு. நான் கால்மணி முன்னதாகவே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும் ஜாதி. பிடில் வித்வான் தம் பெட்டியைத் திறப்பதைப் பார்ப்பதில் சிறு வயது முதலே எனக்கு ஒரு சபலம். பட்டுத்துணியை விலக்கி வாத்தியத்தை வெளியே எடுத்து, சம்மணமிட்ட நிலையிலேயே வலது பாதத்தைச் சற்று முன்னே தள்ளி, வாத்தியத்தின் சுருண்ட தலையைக் கணுக்காலின்மேல் சாய்த்து, அடிப்பாகத்தை இடது மார்போடு அணைத்துக்கொண்டு, வில்லின் மயிரில் ரோஸினை இரண்டு தரம் இழுத்துவிட்டு, இடது கை விரல் நுனிகளில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு அவர் தம்புராவின் சுருதிக்குக் காது கொடுக்கும் அந்தச் சில நிமிஷங்களில், ஓர் அந்நிய வஸ்து எப்படி நம் வீட்டுப் பிள்ளை ஆயிற்று என்கிற சரித்திரம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு நம்மவர்கள் வீணையின் வழக்கப்படியே குதிரை என்று பெயரிட்டார்கள்; அந்தக் குதிரையின்மேல் ஏறி நிற்கும் தந்தியை உராய்வதோ நிஜக் குதிரையின் வால்மயிர்.

தேங்காயெண்ணெயைப் பார்த்தால் ஐரோப்பிய வித்வான் திகைத்துப் போவார். தந்தியில் எண்ணெய்ப் பசை படலாகாது என்பது அவருடைய நியமம். வில் உராயும் இடத்தில் எண்ணெய் கூடாது என்பதை நம்மவரும் அறிவார். ஆனால் விரல் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகவேண்டிய சங்கீதத்துக்கு எண்ணெய் இல்லாமல் முடியாது.

இந்த வாத்தியம் நம்மிடம் வந்து சேர்ந்த கதை மணலியில் தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே உள்ள அந்த ஊரின் ஜமீன்தாராக விளங்கிய முத்துக்கிருஷ்ண முதலியார் கும்பினியாருக்குத் துபாஷியாக இருந்தவர். அவரும் அவருக்குப் பின் அவருடைய குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் சங்கீத வித்வான்களை ஆதரிப்பதைத் தம் குலப் பெருமையாகக் கருதினார்கள். அவர்களுடைய அழைப்பின் பேரில் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு மணலிக்கு வந்தவர் ராமஸ்வாமி தீக்ஷிதர். ஹம்ஸத்வனி ராகத்தை உலகுக்குத் தந்தவர் அவரே என்றால், புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் துணிவு அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலேயே இருந்தது என்று சொல்வது மிகையாகாது. அவருக்கு மூன்று புதல்வர்கள்: மூத்தவர் முத்துஸ்வாமி; அடுத்தவர் சின்னஸ்வாமி; 1786இல் பிறந்த கடைக்குட்டி பாலுஸ்வாமி.

துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். அவருடைய உத்தியோகமே இரண்டு உலகங்களுக்கு நடுவே நிற்பது. ஆகையால் மணலியில் வந்து தங்கிய ஒரு வைதிகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கும் ஆங்கிலேய பாண்டு கோஷ்டியைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. தெற்கே வேத கோஷத்திலும் தேவாரத்திலும் நாகஸ்வரத்திலும் பழகிய செவிகளில் அந்தச் சிப்பாய் நடைக் கீதங்களும், அயர்லாந்து, ஸ்காத்லாந்து நாட்டார் ஆட்ட மெட்டுக்களும் எப்படி விழுந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கமகம் என்பது அறவே இல்லாமல், ஸ்வரங்கள் படிக்கட்டுகளைப்போல் தனித்தனியே நிற்கும் அந்தச் சங்கீதத்தை வேறொருவர் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஸ்நானம் செய்யப் போயிருப்பார். இவர்கள் கேட்டார்கள்.

அண்ணனும் தம்பியும் ஒரே கோஷ்டியைக் கேட்டார்கள். ஆனால் இருவரும் ஒன்றையே எடுத்துக்கொண்டு வரவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை ஆட்கொண்ட விஷயம். அண்ணன் மெட்டுக்களை எடுத்துக்கொண்டு வாத்தியத்தை விட்டுவிட்டார். தம்பி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு மெட்டுக்களை விட்டுவிட்டார்.

முத்துஸ்வாமி தீக்ஷிதர் அந்த மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் அமைத்தார். நோட்டு ஸ்வர ஸாஹித்யங்கள் என்று இன்று வழங்கும் அவை ஏறத்தாழ 40. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. இங்கிலாந்தின் ராஜகீதமாகிய 'காட் சேவ் தி கிங்' மெட்டிலேயே 'ஸந்ததம் பாஹிமாம்' என்று தேவி துதி ஒன்று இருக்கிறது. கோட்டையிலே மன்னனை வாழ்த்திய அதே மெட்டு மணலி அக்கிரகாரத்திலே அம்பிகையை வாழ்த்திற்று. இதில் கேலி எதுவும் இல்லை, பணிவும் இல்லை. நல்ல மெட்டு ஒன்று காதில் விழுந்தது, அதற்கு நல்ல சொல் ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சிதம்பரநாத யோகி என்னும் துறவியோடு முத்துஸ்வாமி தீக்ஷிதர் காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் வாழ்ந்ததும் இந்த மனப்பான்மையை விளக்கும். பிரயாணம் என்றால் அந்நாளில் கால்நடை. காசிக்குப் போனவர் திரும்பி வந்தால்தான் வந்தார் என்று நிச்சயம். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை கங்கையில் கிடைத்ததாக ஐதிகம் கூறும் ஒரு வீணையும், ஹிந்துஸ்தானி சங்கீதத்தின் நிதானமான விளம்ப காலமும். யமுனா கல்யாணியும் பிருந்தாவன ஸாரங்கமும் அவர் கையில் பட்டபோது வடநாட்டு வாசனை போகாமலே தென்னாட்டு உடை உடுத்துக்கொண்டன.

பாலுஸ்வாமியின் பாதை வேறு. பாண்டு கோஷ்டியில் அவருக்கு மெட்டைவிட அதை எழுப்பிய பெட்டியின்மேல் கண் போயிற்று. முதலியார் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அவர் மூன்று ஆண்டுகள் பிடில் பயின்றார் என்பது அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது முழுவதையும் கற்ற பிறகு, அதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு நம் கர்நாடக சங்கீதத்தை அதில் வாசிக்கத் தொடங்கியதே அவர் செய்த சாதனை.

ஒதுக்கியது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஐரோப்பியர் பிடிலை நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பர்; தோளுக்கும் மோவாய்க்கும் இடையே அது இடுக்கப்பட்டிருக்கும். நம் வித்வானோ தரையில் உட்காருகிறவர். உட்கார்ந்த மாத்திரத்தில் வாத்தியத்துக்கு மார்பில் ஓர் ஆதாரமும் காலில் ஓர் ஆதாரமும் கிடைத்துவிடுகின்றன. அந்தக் கணமே இடது கை அதைத் தாங்கும் வேலையிலிருந்து முற்றிலும் விடுதலை பெற்று, கழுத்தின் நீளம் முழுவதும் ஏறி இறங்கலாம் என்று ஆகிவிடுகிறது. கமகத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சுருதி கூட்டுவதிலும் அப்படியே. ஐரோப்பியருடைய நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஸட்ஜ பஞ்சம தூரத்தில், நான்கு வெவ்வேறு ஸ்வரங்களாக நிற்கும். நம்மவர்களோ அதை மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம் என்று மாற்றி, தம்புராவுக்கு உறவாக்கிவிட்டார்கள். அதுவும் நிலையான ஒரு சுருதிக்கு அல்ல, அன்றன்று பாடுகிறவருடைய குரலின் சுருதிக்கு.

ஆயினும் இத்தனைக்கும் இடம் கொடுக்கிற குணம் அந்த வாத்தியத்திலேயே இருந்தது என்பதை மறக்கலாகாது. வீணைக்கு மெட்டுக்கள் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிடிக்கவேண்டும். மீட்டிய நாதமோ சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். பிடிலின் கழுத்தில் மெட்டு இல்லை. வில் ஓடுகிறவரையில் நாதமும் ஓடும். மனிதக் குரல் மூச்சை இழுத்துப் பாடுவதுபோலவே அது பாடும். வெள்ளைக்காரரோடு கப்பலில் வந்து இறங்கிய வாத்தியங்களில் பியானோ நம் சங்கீதத்துக்கு எட்டாமலே போயிற்று. கிளாரினெட் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்தில் போய் அமர்ந்தது. ஹார்மோனியம் நாடக மேடையை ஆண்டதென்றாலும், கட்டைக்குக் கட்டை நின்று பேசும் அதன் பேச்சு சங்கீத வித்வான்களுக்குப் பொறுக்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கியே வைத்தது. கதவு எல்லாருக்கும்தான் திறந்திருந்தது. உள்ளே வந்து தரையில் உட்காரத் தெரிந்தது பிடிலுக்குத்தான். ராவணஹஸ்தம் என்னும் வில்வாத்தியம் நம்முடையது, ஆகவே பிடிலும் ஆதியில் நம்முடையதே என்று வம்சாவளி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த நல்ல மருமகளுக்குச் சொந்தக் கோத்திரத்தைக் கற்பிக்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

பாலுஸ்வாமிதான் முதலில் வாசித்தார் என்பதை ஒப்பாதவர்களும் உண்டு. தஞ்சைச் சரபோஜி மன்னரின் அரண்மனையில் செல்வாக்கோடு விளங்கிய வராகப்பய்யர் சென்னையிலே அதைக் கற்றுக்கொண்டார் என்று ஒரு கதை. சரபோஜியின் சபையில் மேல்நாட்டு வாத்திய கோஷ்டியும் இருந்தது, மேல்நாட்டுச் சங்கீத ஏடுகளும் சேர்ந்தன. ஆகையால் அங்கே அந்த நாதம் கேட்டதில் வியப்பில்லை. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு என்பவருக்கு முதலிடம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதரிடம் சங்கீதம் கற்ற அந்த வடிவேலு பின்னர் திருவனந்தபுரம் சென்று ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் ஆஸ்தானத்தில் பிடில் வாசித்தார். 1834இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். யார் முதலில் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. ஒரே தலைமுறையில், சென்னையிலும் தஞ்சையிலும் திருவனந்தபுரத்திலும், ஒருவரை ஒருவர் அறிந்த குடும்பங்களுக்குள்ளே இந்த விதை முளைத்தது என்பதே போதும். கப்பலில் வந்த ஒரு வாத்தியம் நாற்பது ஆண்டுகளுக்குள்ளாகத் தந்தத்தில் இழைத்து மகாராஜா கையால் பரிசளிக்கத் தக்கது ஆயிற்று.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் (1857–1913) காலத்தில் பிடில் இல்லாத கச்சேரி கச்சேரியாகவே மதிக்கப்படவில்லை. மலைக்கோட்டை கோவிந்தஸ்வாமி பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை ஆகியோர் பக்கவாத்தியம் என்ற சொல்லுக்கே ஒரு கௌரவம் உண்டாக்கினார்கள். த்வாரம் வேங்கடஸ்வாமி நாயுடு அதைத் தனிக் கச்சேரி மேடையில் நிறுத்தினார். ஒலிபெருக்கி வராத அந்த நாளில் பின்வரிசைக்கும் நாதம் எட்டவேண்டுமென்று மைசூர் சௌடய்யா ஏழு தந்திகள் கட்டினார். சில பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள், ஜனங்கள் கை தட்டினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பிடில் வாத்தியார் இருந்தார். மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பையன்கள் ஸரளி வரிசையை அறுத்துக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டுப் பாட்டி கதவைச் சாத்திக்கொள்வாள். "டேய், வில்லை ஏண்டா இப்படி அழுத்தறே? தேங்காயா துருவறே? முதல்லே வாயாலே பாடு, அப்புறம் வில்லை எடு" என்று அவர் அதட்டுவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வாயால் பாடாததைக் கை வாசிக்கக்கூடாது என்பது அவருடைய சித்தாந்தம்.

பாலுஸ்வாமி தீக்ஷிதர் கடைசியில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்வானாக அமர்ந்தார். மணலி, திருவாரூர், தஞ்சை என்று ஆதரவு தேடி அலைந்த குடும்பத்துக்கு அந்தக் கரிசல் பூமி நிலையான நிழலாயிற்று. தம்பியைத் தேடி அங்கே வந்த முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835இல் அங்கேயே தேகத்தை விட்டார். அவருடைய சமாதி இன்றும் அவ்வூரில் இருக்கிறது. ஆண் சந்ததி இல்லாத பாலுஸ்வாமி தம் மகள் வயிற்றுப் பேரனையே ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். 1839இல் பிறந்த அந்தப் பேரன்தான் ஸுப்பராம தீக்ஷிதர்.

அண்ணனுடைய கீர்த்தனைகள் குடும்பத்தாரின் தொண்டையிலும் சிஷ்யர்களின் தொண்டையிலும் மட்டும் இருந்த காலம் அது. சென்னையைச் சேர்ந்த சின்னஸ்வாமி முதலியார் என்னும் ஒரு கிறிஸ்தவக் கனவான் கர்நாடக சங்கீதத்தை ஐரோப்பிய ஸ்வரக் குறிகளில் எழுதி வைத்துவிடவேண்டும் என்ற பெருமுயற்சியில் இறங்கி, 1893இல் ஒரு நூலும் வெளியிட்டார்; அதற்காகவே அவர் ஸுப்பராம தீக்ஷிதரை நாடினார். ஐந்து கோடும் புள்ளியும் நம் கமகத்தை எப்படிப் பிடிக்கும் என்கிற கேள்வி அங்கே எழாமல் இருந்திருக்க முடியாது. முதலியாரின் வேண்டுகோளும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்து, முடிவில் 1904இல் எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சுக்கூடத்திலிருந்து தெலுங்கு லிபியில் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. அதில் ஐந்து கோடு இல்லை. ஸ ரி க ம எழுத்துக்கள்தான். ஆனால் ஒவ்வோர் எழுத்தின் தலைமேலும் நொக்கு, ஸ்புரிதம், ஜாரு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனியே ஒரு சிறு குறி. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனைகள் 229 அதில் அடங்கியிருக்கின்றன. மெட்டை எடுத்துவந்த அண்ணனின் பாட்டுக்கள், வாத்தியத்தை எடுத்துவந்த தம்பியின் வீட்டிலேதான் காகிதத்தில் ஏறின.