நியூபிகின், லெஸ்லி (1909–1998)

தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தவர். 1936இல் ஸ்காட்லாந்து திருச்சபையின் ஊழியராக இந்தியா வந்து, தமிழ் கற்று, காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். 1947 செப்டம்பர் 27 அன்று, தென்னிந்தியத் திருச்சபை உருவான நாளிலேயே, 37 வயதில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமச் சபைகளுக்கு நேரில் சென்று மக்களோடு பழகினார். ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் நிறைந்த அச்சபைகளில் உள்ளூர் ஊழியர்களை உருவாக்குவதைப் பேராயரின் கடமையாகக் கொண்டார். இந்த அனுபவங்களை 1951இல் வெளிவந்த அவரது நாட்குறிப்பு நூல் பதிவு செய்கிறது.

1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். ஓய்வுக்குப் பின், பர்மிங்காமின் வறிய பகுதியான வின்சன் கிரீனில் ஒரு சிறு சபைக்குப் போதகரானார். பதவியைப் பணிவிடையாகவே கண்டார் என்பதற்கு இதுவே சான்று.