கோடு விழும் இடம்: டல்லாஸ் அபராத அறிக்கையில் ஒரு சொல்லை முன்வைத்து

2023 ஏப்ரல் 14 அன்று, டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்கு 7,50,000 டாலர் அபராதம் விதித்து என்பிஏ ஓர் அறிக்கை வெளியிட்டது. சில வரிகளே கொண்ட அந்த அறிக்கை, டிராஃப்ட் தேர்வுரிமைகளுக்கு இடப்படும் காப்பு நிபந்தனைகளைப் பற்றிய விவாதத்தில் ஏறக்குறைய ஒரு தீர்ப்பின் இடத்தைப் பிடித்துவிட்டது. காப்புதான் அணிகளைத் தோற்கத் தூண்டுகிறது, லீக்கே அதை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது என்று முந்தைய ஆய்வுமரபு ஒன்று அதைப் படித்துவருகிறது. காப்புகளை அடியோடு ஒழிக்க வேண்டும் என்ற முடிவையும் அந்த வாசிப்பிலிருந்தே எடுக்கிறது. இந்த வாசிப்பு அறிக்கையின் சொற்களோடு ஒட்டவில்லை என்பது என் கருத்து. அறிக்கையிலுள்ள ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் கேள்வியே இடம் மாறிவிடுகிறது. காப்பு இருக்கலாமா கூடாதா என்பது பின்னுக்குப் போய், காப்பின் கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பது முன்னுக்கு வருகிறது.

சம்பவம் எல்லாரும் அறிந்ததே என்றாலும் சில விவரங்கள் வாதத்துக்குத் தேவை. ஏப்ரல் 7 அன்று டல்லாஸ் தன் சொந்த அரங்கில் சிகாகோ புல்ஸ் அணியைச் சந்தித்தபோது கணக்கு 38 வெற்றி, 42 தோல்வி. பிளே-இன் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு மெலிதாக இருந்தது, ஆனால் இருந்தது. கைரி இர்விங் உள்ளிட்ட முக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் அன்று இறங்கவில்லை. லூகா டான்சிச் முதல் கால்பகுதி ஆடினார், இரண்டாவது தொடங்கிய சற்று நேரத்தில் வெளியே போனார், திரும்பி வரவில்லை. இது அமைப்பு எடுத்த முடிவு என்று பயிற்சியாளர் ஜேசன் கிட் ஆட்டத்துக்கு முன்பே செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். டல்லாஸ் 115–112 என்று தோற்றது. அதோடு பிளே-இன் கதவும் மூடியது. 2019 ஜனவரியில் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை வாங்கியதற்காக நியூயார்க் நிக்ஸுக்குத் தர வேண்டிய 2023 முதல் சுற்றுத் தேர்வுரிமைக்கு ‘முதல் பத்து’ காப்பு இருந்தது. அந்த உரிமை முதல் பத்து இடங்களுக்குள் விழுந்தால் டல்லாஸிடமே நிற்கும்.

இனி அறிக்கை. அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது. ஆட்டக்காரர்களுக்கு ஓய்வளிப்பது பற்றிய லீக் விதியை டல்லாஸ் மீறியது. முதல் சுற்றுத் தேர்வுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பைக் கூட்டிக்கொள்வதற்காகத் தோற்க விரும்பியதைச் செயலாலும் பொதுப் பேச்சாலும் வெளிக்காட்டியது. களத்தில் இறங்கிய ஆட்டக்காரர்கள் வெற்றிக்காக ஆடவில்லை என்று லீக் கருதவில்லை.

காப்பு நிபந்தனை தவறு என்று இந்த மூன்றில் எங்குமே இல்லை. காப்பு அங்கே நோக்கத்தை விளக்குவதற்காக வருகிறது, குற்றமாக வரவில்லை. ஒருவன் கடனை அடைக்கத் திருடினான் என்று தீர்ப்பில் இருந்தால், கடன் வாங்குவது குற்றம் என்று யாரும் படிப்பதில்லை. முந்தைய மரபு இந்தச் சறுக்கலைத்தான் செய்கிறது. மூன்றாவது வாக்கியத்தை அது கண்டுகொள்வதே இல்லை. ஆனால் லீக் ஆட்டக்காரர்களையும் அமைப்பையும் கவனமாகப் பிரித்துவைத்திருக்கிறது. இப்படிப்பட்ட தோல்வி ஆட்டக்களத்தில் உருவாவதில்லை, அலுவலகத்தில் உருவாகிறது என்பது அந்தப் பிரிப்பின் பொருள். அலுவலகம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதே நாம் ஆராய வேண்டியது.

எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாம் வாக்கியத்திலுள்ள ‘தக்கவைத்துக்கொள்வது’ என்ற சொல். தன்னிடம் இருப்பதைத்தான் ஒருவர் தக்கவைத்துக்கொள்ள முடியும். 2019-லேயே அந்த உரிமை நியூயார்க்குக்குக் கைமாறிவிட்டது என்றால், டல்லாஸ் அதைத் ‘திரும்பப் பெற’ முயன்றது என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? லீக் அப்படி எழுதவில்லை. காப்புள்ள தேர்வுரிமையை விற்பது கிரயப் பத்திரம் அல்ல, கிரய அக்ரிமென்ட் என்பதே இந்தச் சொல்லின் உள்ளுறை. நிலம் இன்னும் விற்பவர் பெயரில்தான் இருக்கிறது. இன்ன நிபந்தனை நிறைவேறினால் எழுதித் தருகிறேன் என்ற வாக்குறுதி மட்டுமே வாங்குபவர் கையில்.

அவசரத்தில் எழுதப்பட்ட ஓர் அலுவலக அறிக்கையின் ஒரு சொல்மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல் மட்டும் என்றால் நானும் தயங்குவேன். ஆனால் ஒப்பந்தத்தின் அமைப்பே இதற்குச் சாட்சி. 2023-இல் கைமாறாவிட்டால் 2024, அப்போதும் இல்லாவிட்டால் 2025, மூன்று ஆண்டும் முதல் பத்துக்குள் விழுந்தால் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையோடு கணக்கு முடிந்தது என்பதுதான் ஏற்பாடு. உடைமையாகக் கைமாறிய பொருள் இப்படிக் காலக்கெடுவில் சுருங்கி மறையாது. வாக்குறுதிதான் மறையும்.

பெற்றவர் அதை இன்னொருவருக்கு விற்க முடிகிறதே, அப்படியானால் அது உடைமைதானே என்ற மறுப்புக்குப் பதில் எளிது. புரோநோட்டும் கைமாறும். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 2012-இல் ஸ்டீவ் நாஷுக்காக ஃபீனிக்ஸுக்கு எழுதித் தந்த முதல் சுற்று வாக்குறுதி 2015 பிப்ரவரியில் பிலடெல்பியாவுக்குப் போனது. 2017-இல் பிலடெல்பியா அதன் ஒரு துண்டை மட்டும், அதாவது 2018-இல் 2 முதல் 5-ஆம் இடத்துக்குள் விழுந்தால் என்ற பகுதியை மட்டும், பாஸ்டனுக்கு விற்றது. அது பத்தாம் இடத்தில் விழ, பிலடெல்பியாவிடமே நின்றது. பாஸ்டனுக்கு ஈடாக 2019-இல் சாக்ரமென்டோவின் தேர்வுரிமை போனது. நிலத்தை இப்படி நடக்கலாம், நடக்காமல் போகலாம் என்ற துண்டுகளாக வெட்டி விற்க முடியாது.

இதை ஏற்றுக்கொண்டால் முந்தைய மரபின் இன்னொரு கூற்றும் ஆட்டம் காண்கிறது. காப்பு என்பது கொடுப்பவருக்குச் செலவில்லாத இன்ஷூரன்ஸ் என்பது அந்தக் கூற்று. செலவு உண்டு, அதற்கு நம் பத்திர அலுவலக மொழியில் வில்லங்கம் என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் முதல் சுற்று உரிமைகளை வாரி இறைத்ததன் விளைவாகப் பிறந்த விதி, அடுத்தடுத்த இரு வருங்கால டிராஃப்ட்களில் முதல் சுற்று உரிமை இல்லாமல் போகும் நிலையை ஓர் அணிக்குத் தடைசெய்கிறது. காப்புள்ள வாக்குறுதி எந்த ஆண்டில் நிறைவேறும் என்று தெரியாததால், அது தொடக்கூடிய எல்லா ஆண்டுகளும் கட்டுக்குள் வந்துவிடுகின்றன. 2023 பிப்ரவரியில் புரூக்ளினிடமிருந்து இர்விங்கை வாங்கும்போது நியூயார்க் கடன் 2025 வரை நீளக்கூடும் என்பதால், 2026-ஐயும் டல்லாஸ் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. நிபந்தனையின்றித் தரக்கூடிய மிக அண்மைய ஆண்டு 2027. புரூக்ளினுக்கு அது தந்தது 2029-இன் உரிமை. வருங்கால உரிமைகளை விற்க லீக் வைத்திருக்கும் ஏழாண்டு வரம்பின் கடைசி ஆண்டு அது.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். 2019 முதல், டிராஃப்ட் வரிசைக்கான லாட்டரிக் குலுக்கல் முதல் நான்கு இடங்களை மட்டுமே தீர்மானிக்கிறது. ஐந்து முதல் பதினான்கு வரை, மீதமுள்ள அணிகள் தோல்விக் கணக்கின் வரிசைப்படி நிற்கின்றன. ஆகவே லாட்டரிக்குள்ளேயே இரண்டு நிலப்பரப்புகள் இருக்கின்றன. ஒன்றில் அதிர்ஷ்டம் ஆள்கிறது, மற்றதில் பட்டியல் ஆள்கிறது. டல்லாஸின் கோடு பட்டியல் ஆளும் பகுதியில் விழுந்திருந்தது. சீசனைப் பத்தாவது மோசமான கணக்கோடு முடித்த அணிக்கு முதல் பத்துக்குள் நிற்கும் வாய்ப்பு 79.8 சதவீதம். பதினோராவது அணிக்கோ 9.4 சதவீதம் மட்டுமே. ஏனெனில் அது முதல் நான்குக்குத் தாவினால்தான் உண்டு, இல்லையேல் பதினொன்றிலோ அதற்குக் கீழேயோதான். ஒரே ஒரு படி, எழுபது சதவீதப் பள்ளம். இந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் ஓர் அலுவலகத்துக்கு ஏப்ரல் மாதத்து ஓர் ஆட்டம் எவ்வளவு கனக்கும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 7 காட்டிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கம் லேக்கர்ஸ். அந்த நாஷ் வாக்குறுதிக்கு 2016-இலும் 2017-இலும் ‘முதல் மூன்று’ காப்பு. அப்போதைய முறையில் குலுக்கல் தீர்மானித்ததும் முதல் மூன்று இடங்களையே. கோடும் குலுக்கலின் எல்லையும் ஒன்றாகவே அமைந்தன. 2016-இல் இரண்டாவது மோசமான கணக்கோடு லேக்கர்ஸுக்கு இருந்த வாய்ப்பு 55.8 சதவீதம், 2017-இல் மூன்றாவது மோசமான கணக்கோடு 46.9 சதவீதம். இரண்டு படிகளுக்கும் இடையே ஒன்பது சதவீதச் சரிவுதான். இரு முறையும் இரண்டாம் இடம் விழுந்தது. பிராண்டன் இங்கிராமும் லான்சோ பாலும் வந்தார்கள். லேக்கர்ஸ் அந்த ஆண்டுகளில் நிறையத் தோற்றது உண்மை. ஆனால் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைத் தோற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடியை அந்தக் கோடு உண்டாக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு நீளும் அதே வகைச் சங்கிலி, அதே காப்பு என்ற பெயர். கோட்டின் இடம் மட்டும் வேறு.

டல்லாஸ் ஒற்றை நிகழ்வு, அதை வைத்து விதி எழுத முடியாது என்பார்கள். ஒற்றை அல்ல. 2012-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் யூட்டாவுக்குத் தர வேண்டிய உரிமைக்கு ‘முதல் ஏழு’ காப்பு. குலுக்கல் எட்டாத இடத்தில் விழுந்த கோடு. அந்த மார்ச்சில் அணி மான்டா எலிஸை மில்வாக்கிக்குத் தந்து, காயத்தால் ஆட முடியாமலிருந்த ஆண்ட்ரூ போகட்டைப் பெற்றது. சீசனை 23–43 என்று முடித்து டொரன்டோவோடு சமநிலையில் நின்றது. யார் ஏழு, யார் எட்டு என்பதை நாணயச் சுண்டல் தீர்மானித்தது. ஏழாம் இடம் நிலைத்தது, ஹாரிசன் பார்ன்ஸ் வந்தார். அடுத்த ஆண்டு அணி தேறிவிட, யூட்டா வாங்கியது 21-ஆம் இடம். டல்லாஸ் பத்தாம் இடத்தைத் தக்கவைத்து, அதை ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்றி, பன்னிரண்டில் டெரிக் லைவ்லியை எடுத்தது. 2024-இல் இறுதிச் சுற்றுவரை போன அதே அணியிடமிருந்து நியூயார்க் வாங்கியது 24-ஆம் இடம். இரண்டு வழக்கிலும் தக்கவைத்த இடத்துக்கும் தந்த இடத்துக்கும் இடையே சரியாகப் பதினான்கு படிகள். இந்தப் பொருத்தத்துக்குத் தனிப் பொருள் எதுவும் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அந்த இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதை மறக்கவும் விரும்பவில்லை. வாக்குறுதியை நம்பி ஓராண்டு காத்திருந்தவர்கள் தலையில்தான்.

காப்பே இல்லாவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்ற வாதத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 2013-இல் புரூக்ளின் எந்தக் காப்பும் இல்லாமல் பாஸ்டனுக்கு 2014, 2016, 2018 உரிமைகளைத் தந்தது, 2017-க்கு இடமாற்று உரிமையும் தந்தது. தோற்பதால் அதற்கு ஒரு காசு லாபமில்லை. 2015–16-இல் 61 தோல்விகள், அடுத்த ஆண்டு 62. பாஸ்டனுக்கு ஜெய்லன் பிரவுனும், 2017-இன் முதலிடத்தை விற்ற வழியில் ஜேசன் டேட்டமும் கிடைத்தார்கள். காப்பில்லாத விற்பனை தோல்வியைத் தடுக்கவில்லை. தோற்ற அணியை எழ விடாமல் செய்ததுதான் மிச்சம்.

ஏப்ரல் 7 அன்று எதிரே ஆடிய சிகாகோவைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தமே. அந்த அணியின் 2023 முதல் சுற்று உரிமையும் விலைபோனதுதான். நிகோலா வூசெவிச்சுக்காக ஒர்லாண்டோவுக்கு வாக்களிக்கப்பட்டது, ‘முதல் நான்கு’ காப்போடு. இன்றைய முறையில் அந்தக் கோடு குலுக்கல் எல்லையோடு ஒன்றிப்போகிறது. நான்காவது மோசமான அணிக்கு வாய்ப்பு 48.1 சதவீதம், ஐந்தாவதற்கு 42.1, எந்தப் படியிலும் பள்ளம் இல்லை, சரிவுதான். சிகாகோ ஏற்கெனவே பிளே-இன் சுற்றுக்குள் நுழைந்திருந்தது, ஆகவே இது சுத்தமான ஒப்பீடு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே தரையில், ஒரே இரவில், விற்ற உரிமையோடு இரண்டு அணிகள் ஆடின. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அந்த ஆட்டத்தின் முடிவு கோட்டைத் தாண்டுமா தாண்டாதா என்ற கேள்வியாக இருந்தது. சிகாகோ 40–42 என்று சீசனை முடித்தது. தக்கவைக்கும் வாய்ப்பு 8.5 சதவீதம். மே மாதக் குலுக்கலில் பதினோராம் இடம் விழுந்தது. ஒர்லாண்டோ வாங்கிக்கொண்டு ஜெட் ஹோவர்டை எடுத்தது.